கை இருக்கு, கடி இல்ல

என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது விண்ணப்பத்தில் 'தகப்பனார் தொழில்' என்ற இடத்துக்கு அப்பா "மார்க்கர்" என்று சொன்னார். அலுவலகத்தில் இருந்தவர் காதில் அது "மார்க்கெட்" என்று விழுந்துவிட்டது. பத்தாம் வகுப்பு முடிகிற வரைக்கும் பள்ளி ரெக்கார்டில் எங்கப்பா காய்கறி வியாபாரி.

டென்னிஸ் கிளப்போடு பழக்கம் இல்லாதவர்களுக்கு மார்க்கர் என்றால் யார் என்று தெரிய வாய்ப்பில்லை. கிளப்பில் சம்பளத்துக்கு இருந்துகொண்டு மெம்பர்களோடு ஆடுகிறவர். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோர்ட்டைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, சுண்ணாம்பில் கோடு போட்டு, நெட் கட்டி முடிப்பதற்குள் முதல் மெம்பர் வந்துவிடுவார். அவர் அடிக்க வசதியான இடத்திலேயே பந்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேட்ச் ஆடலாம் என்று அவர் சொன்னால் அவரைத் தோற்கடித்துவிடக் கூடாது. வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறான் என்று அவருக்குத் தெரியவும் கூடாது. அப்பா முப்பத்தாறு வருடம் இப்படித் தோற்றார். 6-4, 7-5 என்று கௌரவமான ஸ்கோரில் தோற்பதில் மெட்ராஸில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று மற்ற மார்க்கர்களே சொல்வார்கள்.

ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுவதும் அவர் வேலைதான். நரம்புக்கு இங்கிலீஷில் 'கட்' (gut), அதனால் அந்த வேலைக்குக் 'கட்டிங்' என்று பெயர். எங்கள் தெருவில் கட்டிங் என்றால் அர்த்தமே வேறு. "சாருக்கு ஒரு கட்டிங் போட்டுட்டு வர லேட்டாயிடுச்சு" என்று அப்பா சொன்னதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு ஆயா ரொம்ப நாள் அம்மாவைப் பாவம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட அப்பா ஒருவரைப் பற்றி மட்டும் ஓயாமல் பேசுவார். விஜய் அமிர்தராஜ். 'விஜய் தம்பி' என்பார். பேசிப் பழகியதெல்லாம் கிடையாது. அந்தக் காலத்து மெட்ராஸில் டென்னிஸ் கோர்ட் விரல்விட்டு எண்ணுகிற அளவில்தான் இருந்தது. அதில் எங்கே எந்தப் பையன் நன்றாக ஆடினாலும் மார்க்கர்களுக்குத் தெரிந்துவிடும். ஆனந்த், விஜய், அசோக் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். நடுவில் பிறந்த விஜய்க்குச் சின்ன வயதில் நுரையீரல் கோளாறு, பாதி நாள் ஆஸ்பத்திரி. வெளிக்காற்றில் ஓடியாடட்டும் என்றுதான் ராக்கெட்டைக் கையில் கொடுத்தார்கள். அம்மா மேகி அமிர்தராஜ் ஒரு பக்கம் அட்டைப்பெட்டித் தொழில் பார்த்துக்கொண்டு, இன்னொரு பக்கம் பிள்ளைகளைக் கோர்ட்டுக்குத் துரத்திக்கொண்டு இருந்தார். "மூச்சு வாங்குற புள்ளைய ஏன்மா இந்த வெயில்ல" என்று மார்க்கர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்களாம். அந்தப் பிள்ளைதான் ஆறடிக்கு மேல் வளர்ந்து 1973இல் விம்பிள்டன் காலிறுதிக்குப் போனது.

அப்பாவின் தீர்ப்பு மட்டும் கடைசிவரை மாறவில்லை. "கை இருக்குடா, கடி இல்ல."

கை என்றால் ஆட்டத் திறமை. பேப்பர்காரர்கள் கில்லர் இன்ஸ்டிங்க்ட் என்று எழுதிய, எதிராளியை விடாமல் முடித்துக்கட்டுகிற வெறியைத்தான் அவர் கடி என்றார். கணக்கு வைத்திருந்தார். மூன்று மேட்ச். மூன்றும் விம்பிள்டன்.

1973இல் செக்கோஸ்லோவாகியாவின் யான் கோடெஷுடன் காலிறுதி. ஐந்தாவது செட் வரை போய் 7-5இல் போனது. கோடெஷ் அந்த வருடம் கோப்பையையே தூக்கினார். 1979இல் இரண்டாவது சுற்று, எதிரே பியோன் போர்க். ஏற்கெனவே மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்தவர். விஜய் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தார். நாலாவது செட், ஆறுக்கு ஆறு என்று நிற்கும்போது செட்டை முடித்து வைக்கிற டைபிரேக்கரில் கை நழுவியது, ஐந்தாவது 6-2. போர்க் நாலாவது முறையும் ஜெயித்தார். 1981இல் மறுபடி காலிறுதி, இந்த முறை ஜிம்மி கானர்ஸ். முதல் இரண்டு செட்டும் விஜய்க்கு, 6-2, 7-5. அதற்கப்புறம் மூன்று செட்டும் கானர்ஸுக்கு.

"இந்த மூணுல ஒண்ணு ஜெயிச்சிருந்தா பேரே வேற" என்பார் அப்பா. எத்தனையோ மாலை ராக்கெட்டில் நரம்பை இழுத்து ஆணி சொருகிக்கொண்டே இதைச் சொல்லியிருக்கிறார். ஒரு வயது வந்தபிறகு நான் மறுத்துப் பேச ஆரம்பித்தேன். 73இல் அமெரிக்காவில் பிரெட்டன் வுட்ஸ் போட்டியில் இதே கானர்ஸைத்தானே ஃபைனலில் அடித்து ஒரு வோல்வோ காரும் வாங்கினார்? அதே வருடம் யு.எஸ். ஓப்பனில் ராட் லேவரை ஐந்து செட்டில் அனுப்பினாரே? அடுத்த வருடம் அதே இடத்தில், பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்த கையோடு வந்த போர்க்கையும் அடித்தாரே? அமிர்தராஜ், போர்க், கானர்ஸ், இனி டென்னிஸின் ஏ.பி.சி. இவர்கள்தான் என்று பத்திரிகைகள் சும்மாவா எழுதின? அப்பா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதான் சொல்றேன், கை இருக்கு" என்பார். அவரோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை. கோர்ட்டில் விட்டுக்கொடுத்ததையெல்லாம் வீட்டில் வசூல் பண்ணிவிடுவார்.

அவர் பேச விரும்பாத வருடம் ஒன்று உண்டு. 1974.

அந்த மே மாதம் கல்கத்தா சவுத் கிளப்பில், நாட்டுக்கு நாடு அணியாக ஆடுகிற டேவிஸ் கோப்பை, எதிரணி ஆஸ்திரேலியா. டபிள்ஸில் ஆனந்தும் விஜயும் ஒரு பக்கம், ஜான் அலெக்சாண்டரும் காலின் டிப்ளியும் மறுபக்கம். 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. கூட்டிப் பாருங்கள், 99 கேம். அப்போது டேவிஸ் கோப்பையில் டைபிரேக்கர் கிடையாது. வாட்ச்மேனின் டிரான்சிஸ்டரைச் சுற்றி மார்க்கர்களும் தோட்டக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்களாம். மெம்பர்கள் காத்துக்கொண்டிருந்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. மாலையில் மெம்பர்களே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒரே பெஞ்சில் மெம்பரும் மார்க்கரும் உட்கார்ந்தது தன் காலத்தில் அந்த ஒரு தரம்தான் என்று அப்பா சொல்வார்.

3-2 என்று ஆஸ்திரேலியா வீழ்ந்தது. பிறகு புனேயில் சோவியத் யூனியன். அதுவும் முடிந்தது. ஆடாத கேப்டனாக ராமநாதன் கிருஷ்ணன். 1960லும் 61லும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர், 66இல் டேவிஸ் கோப்பை ஃபைனலில் ஆடித் தோற்றவர். இந்தத் தடவை கோப்பை வந்தே தீரும் என்று ஊரே நம்பியது. ஃபைனலில் எதிரே யார்? தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆடாது என்று முடிவாயிற்று. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை அவர்களுக்குப் போனது. டேவிஸ் கோப்பை சரித்திரத்தில் ஆடாமலே முடிந்த ஃபைனல் அது ஒன்றுதான்.

விஜய்க்கு அப்போது இருபது வயது. பின்னாளில் இதைப் பற்றிக் கேட்டவர்களிடமெல்லாம், ஆட்டக்காரனாக வருத்தம்தான், ஆனால் எடுத்த முடிவு சரி என்கிற தொனியில்தான் பேசியிருக்கிறார். அப்பாவுக்கு அந்தப் பக்குவம் வரவில்லை. "தப்புன்னு சொல்லல. ஆனா கோப்பை கோப்பைதானடா" என்று நிறுத்திக்கொள்வார்.

கடி விஷயத்தில் அப்பாவை நான் ஓரளவு அசைத்தது 1987இல். எனக்கு வயது பதினைந்து. மார்ச் மாதம் டெல்லியில் அர்ஜென்டினா வந்திருந்தது. விஜய்க்கு முப்பத்து மூன்று, கேப்டனும் அவரே. மார்ட்டின் ஹைட்டேவிடம் முதல் இரண்டு செட்டையும் கொடுத்துவிட்டு, தோல்வியின் வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து ஜெயித்தார். அப்பா மறுநாள் பேப்பரை மூன்று முறை படித்தார். "சரி, வயசானப்புறம் பல்லு முளைச்சிருக்கு" என்றார். அடுத்து இஸ்ரேல். நமக்கும் அவர்களுக்கும் முழுத் தூதரக உறவே இல்லாத காலம், அதையும் டெல்லியில் ஆடி முடித்தார்கள். பிறகு சிட்னியில் ஆஸ்திரேலியா. கடைசி ஆட்டத்தை ரமேஷ் கிருஷ்ணன் முடித்துக் கொடுத்தார். டிசம்பரில் ஸ்வீடன் நாட்டு கோத்தன்பர்க்கில் ஃபைனல். நம் ஆட்கள் புல்தரையில் வளர்ந்தவர்கள், அவர்கள் களிமண் கோர்ட் போட்டு வைத்திருந்தார்கள். 5-0. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

விஜயின் பிந்தைய வாழ்க்கையை அப்பா ஒரு வரியில் முடித்துவிடுவார்: "அப்புறம் ஆபீசர் ஆயிட்டாரு." ஜேம்ஸ்பாண்ட் படத்தில் நடித்தது, டி.வி. கமெண்டரி, எல்லாமே அவருக்கு ஒரே கணக்கு. 2001இல் ஐ.நா. சபை அமைதித் தூதர் ஆக்கியதுகூட அந்த ஆபீசர் வேலையில்தான் சேர்த்தி. ஆனால் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது அந்த 'ஆபீசர்' காலம்தான். அதற்கு முன் எங்கள் கிளப்பில் நடந்த ஷூ விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

1990 என்று நினைக்கிறேன். மார்க்கர்களுக்குச் சம்பளம் ஏற்றிக் கேட்கலாம், வருடத்துக்கு இரண்டு ஜோடி கேன்வாஸ் ஷூ கேட்கலாம் என்று ஐந்து பேர் சேர்ந்து முடிவெடுத்தார்கள். கோர்ட்டில் நிற்கிறவனுக்கு மூன்று மாதத்தில் ஷூ அடிப்பாகம் வாய் பிளந்துவிடும். பேசத் தெரிந்தவர் என்று அப்பாவை முன்னால் அனுப்பினார்கள். அப்பா பேசினார். முப்பது வருடமாக 6-4இல் தோற்ற மனுஷன் கமிட்டி ரூமில் 6-0 ஜெயிக்கப் பார்த்தார். எந்த மெம்பர் எத்தனை தடவை கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று சொன்னார் என்பதுவரை பட்டியல் போட்டாராம். பத்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். சம்பளமும் ஏறவில்லை, ஷூவும் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து இன்னொரு மார்க்கர் போனார். மூலை கோர்ட் பார்க்கிற அண்ணன், அதிர்ந்து பேசத் தெரியாதவர். உள்ளே போய் என்ன பேசினார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து வந்து, "சம்பளத்தை ஏப்ரல்ல பாக்கலாம்னாங்க, ஷூ வந்துரும்" என்றார். வந்தது. அப்பா அந்த ஷூவை ஒரு வாரம் போடாமல் வைத்திருந்தார்.

இப்போது ஏடிபி விஷயம்.

டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கம் வந்தது 1972இல். அதுதான் ஏடிபி. அடுத்த வருடமே ஒரு பெரிய சண்டை. யூகோஸ்லாவியாவின் நிக்கி பிலிச் டேவிஸ் கோப்பைக்கு வரவில்லை என்று அந்த நாட்டுச் சங்கம் தடை போட, அவரை விம்பிள்டனில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருக்காக 81 பேர் விம்பிள்டனைப் புறக்கணித்தார்கள். 'சீடு' என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தியிருந்த பதினாறு முன்னணி ஆட்டக்காரர்களில் பதின்மூன்று பேர் வரவில்லை. பத்தொன்பது வயது விஜய் அமிர்தராஜ் காலிறுதிக்குப் போனது அந்த விம்பிள்டனில்தான். சங்கம் வெளியே நின்றது, இவர் உள்ளே ஆடினார். அது சரியா தப்பா என்று நான் பேச வரவில்லை. அந்த வயதில் மெட்ராஸிலிருந்து போன ஒரு பையனுக்கு விம்பிள்டன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஆனால் பதினாறு வருடம் கழித்து, 1989இல், அதே சங்கத்தின் ஆட்டக்காரர்கள் அவரைத் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை. நம் ஊர்ச் சங்கங்களில் ஸ்டிரைக் அன்று வேலைக்குப் போனவனை ரிட்டயர்மென்ட் பார்ட்டிக்குக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

அதுவும் எப்பேர்ப்பட்ட நேரம்! அதுவரை ஆண்கள் டென்னிஸை நடத்தியது ஒரு கவுன்சில். சர்வதேசக் கூட்டமைப்புக்கு மூன்று ஓட்டு, போட்டி நடத்துகிறவர்களுக்கு மூன்று, ஆடுகிறவர்களுக்கு மூன்று. ஆடுகிறவன் எதைக் கேட்டாலும் மற்ற ஆறு பேர் நினைத்தால் தள்ளிவிடலாம். 1988 யு.எஸ். ஓப்பன் சமயத்தில் ஏடிபி, நாங்களே எங்கள் சுற்றை நடத்திக்கொள்கிறோம் என்று அறிவித்தது. பத்திரிகையாளர்களைக் கூட்டிப் பேச ஸ்டேடியத்துக்குள்ளே இடம் தரவில்லை. வெளியே கார் நிறுத்தும் இடத்தில் மைக் வைத்துப் பேசினார்கள். அப்போது சங்கத்தின் நிர்வாகியாக இருந்தவர் ஹாமில்டன் ஜோர்டான், ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரி. கூட நின்றவர்களில் மாட்ஸ் விலாண்டர் ஒருவர், அந்த யு.எஸ். ஓப்பனை ஜெயித்ததும் அவர்தான். 1990 ஜனவரியில் ஏடிபி டூர் தொடங்கியது. புது நிர்வாகக் குழுவில் ஆடுகிறவர்களுக்குப் பாதி, போட்டி நடத்துகிறவர்களுக்குப் பாதி.

கார் பார்க்கில் மைக் பிடிப்பது ஒரு நாள் வேலை. அதற்கப்புறம் வருவதுதான் நிஜமான வேலை. எந்த ஊரில் எந்த வாரம் போட்டி, பரிசுப் பணத்தை முதல் சுற்றில் தோற்கிறவனுக்கு எவ்வளவு பிரிப்பது, நட்சத்திரங்கள் வருடத்துக்கு எத்தனை போட்டி கட்டாயம் ஆட வேண்டும், காயம்பட்டால் என்ன கணக்கு. லெண்டில், பெக்கர், எட்பர்க், அகாசி எல்லாம் ஆடிக்கொண்டிருந்த காலம். முதல் பத்துக்குள் இருக்கிறவன் வாரம் ஒன்றைக் குறை என்பான், நூற்றைம்பதாவது இடத்தில் இருக்கிறவன் இன்னொன்றைக் கூட்டு என்பான். ஒருவனுக்கு ஏஜென்ட், வக்கீல் எல்லாம் உண்டு, இன்னொருவன் ஓட்டல் பில்லைத் தன் கையிலிருந்து கட்டுகிறவன். ரெண்டு பேருக்கும் தலைவர் ஒரே ஆள். 1993 வரை விஜய் அந்த நாற்காலியில் இருந்தார்.

அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு என்னிடம் இருப்பது ஊகம்தான். உலகத் தரவரிசையில் முதல் இருபதுக்குள் ஒரு காலத்தில் இருந்தவர், லேவர் காலத்து ஆட்களோடும் ஆடியவர், பெக்கர் காலத்திலும் ஆடிக்கொண்டிருந்தவர். அமெரிக்கக் கோஷ்டியும் இல்லை, ஐரோப்பியக் கோஷ்டியும் இல்லை. கோர்ட்டில் கானர்ஸும் மெக்கன்ரோவும் அம்பயரைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில், தோற்ற மேட்சிலும் எதிராளியின் தோளில் கை போட்டு நடந்தவர். அப்பா குறை என்று எதைச் சொன்னாரோ அதைத்தான் அந்த ஆட்டக்காரர்கள் வேறு கணக்கில் எழுதியிருக்கிறார்கள் போல. மூலை கோர்ட் அண்ணன் ஞாபகம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இதை அப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். "ஷூ வேற, விம்பிள்டன் வேற" என்று போய்விட்டார்.

விஜய் தொடங்கிய அகாடமிக்கு மட்டும் அப்பாவிடம் முழு மார்க். 1985இல் பிரிட்டானியா நிறுவனத்தோடு சேர்ந்து மெட்ராஸில் ஆரம்பித்தது. பிரிட்டானியா அமிர்தராஜ் டென்னிஸ், சுருக்கமாக 'பேட்' என்பார்கள். பையன்களை ஊர் ஊராகப் பொறுக்கிக்கொண்டு வந்து, தங்க இடம், சாப்பாடு, படிப்பு, ஆட்டம் எல்லாம் கொடுத்த திட்டம். கல்கத்தாவிலிருந்து அங்கே வந்த ஒரு பையன் 1990இல் ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்தான், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினான். லியாண்டர் பயஸ். 1952இல் மல்யுத்தத்தில் வெண்கலம் வாங்கிய கே.டி. ஜாதவுக்கு அப்புறம், 44 வருடம் கழித்து, தனி ஆளாக இந்தியாவுக்கு வந்த பதக்கம் அது. "அந்தப் பையனுக்குக் கடி மட்டும்தான் இருக்கு, கையே இல்லாம கூட ஜெயிப்பான்" என்பது அப்பாவின் மதிப்பீடு. பந்து தரையில் படும் முன்பே அடிக்கிற பயஸின் 'வாலி'யைப் பார்த்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். நானும் ஏற்கவில்லை.

1996இல் டெல்லியில் நடந்த ஏடிபி போட்டி அடுத்த வருடம் சென்னைக்கு வந்தது. நுங்கம்பாக்கம் ஸ்டேடியம், 95இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டியது. நான் அப்போது லைன் அம்பயர் பயிற்சி முடித்திருந்தேன். மார்க்கர் மகன் கோடு பார்க்கப் போனான். அப்பா போட்ட அதே கோடு, சுண்ணாம்புக்குப் பதில் பெயின்ட். முதல் சில வருடங்கள் ஏப்ரலில் நடந்தது. சிமென்ட் தரையின் சூடு ஷூவைத் தாண்டி உள்ளங்காலைச் சுடும். சிகரெட் கம்பெனி பெயரில் ஒரு டென்னிஸ் போட்டி நடந்த காலம் அது, இன்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. 1998இல் பாட் ராஃப்டர் வந்து ஜெயித்தார். பிறகு ஜனவரிக்கு மாற்றினார்கள், காலுக்கு நிம்மதி.

2008 ஜனவரி அரையிறுதி, நடாலும் மோயாவும். மூன்றே செட், கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். லைன் அம்பயர்கள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் குழு மாறுவோம். நான் இரண்டு தடவை உள்ளே போய் வந்தேன். இரண்டாவது தடவை பேஸ்லைன். நடால் அடித்த பந்து ஒன்று கோட்டின் வெளி விளிம்பை உரசியது. உள்ளங்கைகளைத் தாழ்த்திக் காட்டினேன். மோயா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அப்பாவிடம் அதைச் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "நெஜமா உள்ளதான் விழுந்துதா?" மறுநாள் ஃபைனலில் யூஷ்னியிடம் நடால் 6-0, 6-1 என்று சுருண்டார். அத்தனை நேரம் ஆடிய காலில் என்ன மிச்சம் இருக்கும்.

2017 வரை சென்னையில் நடந்தது. 2018இல் புனேக்குப் போய்விட்டது. ஜனவரி முதல் வாரம் என்ன செய்வது என்று தெரியாமல் நாங்கள் நாலைந்து பேர் ஸ்டேடியம் எதிரே டீக்கடையில் சும்மா போய் நின்றோம்.

பெரிய போட்டி ஒன்று சென்னைக்குத் திரும்பியது 2022 செப்டம்பரில், பெண்களுக்கான டபிள்யூடிஏ போட்டியாக. அப்போது தமிழ்நாடு டென்னிஸ் சங்கத்தின் தலைவர் விஜய் அமிர்தராஜ். அரசிடம் பணம், டபிள்யூடிஏவிடம் தேதி, பழைய ஸ்டேடியத்துக்கு வெளிச்சமும் பூச்சும். இதெல்லாம் ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு நகர்வது என்றால் என்ன என்று இந்த ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன். எழுபத்தெட்டு வயது, ஒரு கண்ணில் புரை. ஆட்டத்தைவிட அவர் ஆட்களை அதிகம் பார்த்தார். விஜய் தூரத்தில் கோட்டு சூட்டில் யாருடனோ பேசிக்கொண்டே நடந்தார். "நடை மாறல" என்றார் அப்பா. கேலரியில் எழுந்து நிற்கக்கூட முயன்றார், நான்தான் உட்காரவைத்தேன். பதினேழு வயது செக் பெண் லிண்டா ஃப்ருவீர்டோவா கோப்பையை ஜெயித்தாள். அவள் பெயரை அப்பா கடைசிவரை சொல்லவில்லை, 'அந்தக் கடி உள்ள பொண்ணு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

2024 ஜூலை 20, அமெரிக்காவில் நியூபோர்ட். சர்வதேச டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேமில் விஜய் அமிர்தராஜையும் லியாண்டர் பயஸையும் ஒரே நாளில் சேர்த்தார்கள். ஆசியாவிலிருந்து அங்கே போன முதல் ஆண்கள் இவர்கள்தான். பயஸ் ஆட்டக்காரர் பிரிவில். விஜய் ஆட்டக்காரர் பிரிவில் இல்லை, டென்னிஸுக்குப் பங்களித்தவர்கள் பிரிவில். பேப்பரில் இதைப் படித்தபோது ஒரு நிமிடம் எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த மூன்று மேட்சில் ஒன்று திரும்பியிருந்தால் பிரிவே மாறியிருக்குமோ என்று அப்பாவின் குரல் எனக்குள்ளேயே கேட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு வீடியோவைப் போனில் போட்டுக் காட்டினேன். போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஆங்கிலப் பேச்சு அவருக்குப் பாதிதான் புரியும். கிளப்பில் கற்ற ஆங்கிலம், 'வெல் பிளேட் சார்' வரைக்கும்தான் போகும். விஜய் பேசப் பேச அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கடி என்ற வார்த்தை வரும் வரும் என்று நான் காத்திருந்தேன்.

வீடியோ முடிந்தது. போனை என்னிடம் நீட்டினார்.

"இது என்ன, மெடலா?"

"ஆமாம்ப்பா. பெரிய மரியாதை இது. லேவர், போர்க் எல்லாரும் இருக்கிற இடம்."

"ம்." கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு, "அந்த எழுபத்துநாலு கப்பு? அதையும் சேத்துக் குடுத்தாங்களா?" என்றார்.

"அது இல்லப்பா."

"சரி, கேட்டேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.